நாலு நாலு ஏழு ஒண்ணு

சிறுசேரி அலுவலகத்தில் சவுரிமுத்துவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஃபெயில் முத்து. அவன் காதுபடவே சொல்வார்கள். அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். பிறவியிலேயே பார்வை இல்லாத அவனைக் கம்பெனி வேலைக்கு எடுத்ததே அவன் காதுக்காக. அவர்கள் செய்யும் இணையதளங்களை ஸ்க்ரீன் ரீடரில், அதாவது திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளில் ஓட்டி, பார்வையற்றவர்கள் பயன்படுத்த லாயக்கா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஏழு மாதத்தில் அறுபத்தொரு இடத்தில் ‘ஃபெயில்’ போட்டிருந்தான். முகதாட்சண்யத்துக்கு ‘பாஸ்’ போட்டான் என்று ஒருவர் விரல் நீட்ட முடியாது.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் ஜேசன். இருவருக்கும் இரும்புலியூர். கோவில் பாடகர் குழுவில் பன்னிரண்டு வருடமாகத் தோளோடு தோள் உரசி நின்று பாடுகிறவர்கள். காலையில் ஜேசன் பைக்கில் வந்து ஹாரன் அடிப்பான். வண்டலூர், மாம்பாக்கம், கேளம்பாக்கம் என்று சிறுசேரி வரை வாய் ஓயாது. “முன்னாடி தண்ணி லாரி மச்சான், குளிக்காம வந்திருந்தா இப்ப குளிச்சுக்கோ” என்பான். சவுரிமுத்துவுக்குச் சாலை தெரிந்ததெல்லாம் ஜேசன் வாய் வழியாகத்தான். அவன் பள்ளம் என்றால் பள்ளம், மேடு என்றால் மேடு.

அந்த நேரம் அவர்கள் கையில் இருந்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் இணையதளம். ரத்தம் கொடுத்தவர்கள் தங்கள் எண்ணைப் போட்டு உள்ளே போனால் முடிவு தமிழிலேயே வரும். சவுரிமுத்துவுக்கு அந்த வேலையில் ஒரு தனி வெறி இருந்தது. ஒரு மனிதனுடைய சர்க்கரை அளவை அவனுக்கு முன்னால் ஊரே படித்துவிடுவதென்பது பார்வையற்றவர்களுக்கு மட்டும் வாய்த்த கொடுப்பினை. அவன் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. இந்த ஒரு பக்கமாவது நேராக நம் காதோடு பேசட்டும் என்று ஆசைப்பட்டான்.

பக்கம் பேச மறுத்தது.

இந்தக் காலத்தில் இணையப் பக்கத்தை யாரும் ஒரே மூச்சாக எழுதுவதில்லை. தலைப்புப் பட்டை ஒன்று, பட்டியல் ஒன்று, பொத்தான் ஒன்று என்று தனித்தனியாகச் செய்து, ஒரு காலிச் சட்டத்துக்குள் பொருத்துகிறார்கள். துண்டுகளுக்கு காம்பொனென்ட் என்று பெயர். ஜேசன் அதில் கெட்டிக்காரன். ஆனால் அந்த வெளிச்சட்டம், ஹெச்டிஎம்எல் என்கிற முதல் டேக், எந்த காம்பொனென்ட்டுக்கும் சொந்தமில்லை. ‘இந்தப் பக்கம் இன்ன மொழி’ என்று அறிவிக்கும் லாங் என்ற அட்ரிபியூட் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். புது வேலை தொடங்கும்போதே ‘ஈஎன்’, அதாவது இங்கிலீஷ், என்று தானாக வந்துவிடும். அப்புறம் உள்ளே தமிழாகவே கொட்டினாலும் அதை மாற்ற ஒருவருக்கும் தோன்றாது. திரையைப் பார்க்கிறவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

கேட்கிறவர்களுக்கு உண்டு. பக்கம் தன்னை இங்கிலீஷ் என்று சொல்லிக்கொண்டால் ஸ்க்ரீன் ரீடர் இங்கிலீஷ் குரலை எடுத்துக்கொள்ளும். அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து என்றால் வெறும் காற்று. தாண்டிப் போய்விடும். எண்களை மட்டும் விடாமல் வாசிக்கும். “லெவன் பாயின்ட் டூ. நைன்டி எய்ட்.” எது ரத்த அளவு, எது சர்க்கரை, நல்லதா கெட்டதா, ஒன்றும் தெரியாது.

சவுரிமுத்து ‘ஃபெயில்’ போட்டான். ஜேசன் மாற்றிப் பார்த்தான். ‘டிஏ’, தமிழ், என்று அட்ரிபியூட்டைத் திருத்தியதும், முன்பதிவுக்குத் தேதி காட்டும் பெட்டி திறக்க மாட்டேன் என்றது. வெளியிலிருந்து எடுத்துப் போட்ட பெட்டி அது. ஹெச்டிஎம்எல் டேக்கில் என்ன மொழி என்று பார்த்துத்தான் திறக்கும், அதற்குத் தமிழ் தெரியாது. ஜேசன் பழையபடி ஆக்கினான். சவுரிமுத்து மறுபடி ‘ஃபெயில்’ போட்டான். வெள்ளிக்கிழமை தளம் வெளிவர வேண்டும். டீம் லீடர் ஷீலா மேடம் ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மதியம் ஜேசன் அவன் தோளைத் தட்டினான்.

“முடிச்சாச்சு மச்சான். கேட்டுப் பாரு.”

சவுரிமுத்து, சோதனைக்காகவே ரத்தம் கொடுத்து வாங்கியிருந்த தன் நோயாளி எண்ணைப் போட்டு உள்ளே போனான். ‘ஹீமோகுளோபின், பதினான்கு புள்ளி ஒன்று, இயல்பான அளவு’ என்றது குரல். கணீரென்ற தமிழ். மேலும் கீழும் போனான். வரிக்கு வரி பேசியது. “தேதிப் பொட்டி?” என்று கேட்டான். “அதெல்லாம் பாத்துக்கிட்டேன், நீ பாஸ் போடு” என்றான் ஜேசன். போட்டான். பரிசோதனை நிலையத்துக்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தின் அடியில் ‘பார்வையற்றோருக்காகச் சோதித்து உறுதி செய்தவர்: சவுரிமுத்து’ என்று அச்சடித்தாற்போல் போட்டுவிட்டார்கள்.

தளம் வெளிவந்த அன்றே அவன் தாம்பரம் பக்கத்துப் பார்வையற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டான். நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். “நானே கேட்டுப் பாத்துட்டேன். அட்சரம் பிசகாம பேசுது. யாரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேணாம். என்னை நம்பி யூஸ் பண்ணுங்க.” அறுபது எழுபது பேர் வாழ்த்துச் சொன்னார்கள். அன்றைக்கு அவன் தலைகால் புரியாமல்தான் இருந்தான்.

செவ்வாய்க்கிழமை காந்திமதி கூப்பிட்டாள். கோவிலம்பாக்கத்தில் இருப்பவள், ஒரு பள்ளிக்கூடத்தில் டெலிபோன் ஆபரேட்டர். அவளுக்கும் பார்வை கிடையாது. கணவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

“அண்ணா, அந்தப் பக்கம் பேசவே மாட்டேங்குதுண்ணா.”

“பேசுமேம்மா. போன்ல தமிழ் வாய்ஸ் போட்டிருக்கீங்களா?”

“போட்டுகினுதான் கீறேன். மத்ததெல்லாம் பேசுது. இது மட்டும் நம்பர் சொல்லுது, அப்பால கம்முனு பூடுது.”

சவுரிமுத்துவுக்கு லேசாக எரிச்சல் வந்தது. இருநூறு தடவை கேட்டுப் பார்த்த பக்கம். “வேற ஏதாவது தப்பா அழுத்தியிருப்பீங்க. போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றான். சொன்ன தோரணையும் கொஞ்சம் மேதாவித்தனமாகத்தான் இருந்தது.

காந்திமதி நடந்ததைச் சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருடம். இந்தத் தடவை நாற்பது நாள் தள்ளிப் போயிருந்தது. யாரிடமும் மூச்சு விடாமல் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். முடிவு வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் போனைக் காதில் வைத்திருக்கிறாள். “டூ பாயின்ட் ஒன்” என்றதாம். ரெண்டு புள்ளி ஒன்று என்றால் உண்டா, இல்லையா? நாலு தடவை கேட்டிருக்கிறாள். அதற்குமேல் பொறுக்கமாட்டாமல் கீழ் வீட்டு அனுப்பிரியாவிடம் போனை நீட்டியிருக்கிறாள். காலேஜ் படிக்கிற பெண், நல்ல பெண்தான். ஆனால் முற்றத்தில் நின்று உரக்கப் படித்துவிட்டாள். ‘கர்ப்பம் இல்லை.’ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மாமியார் குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டதாம்.

“என் சேதிய நான் மொதல்ல கேக்கணும்னு நெனச்சேன்ண்ணா. அழுவறதோ சிரிக்கறதோ, தனியா. நீங்க சொன்னீங்கன்னுதான் யாரையும் கூட கூட்டிகினு போவல.”

சவுரிமுத்துவுக்குச் செருப்பால் அடித்தாற்போல் இருந்தது. “எனக்கு ஒரு தடவை உங்க நம்பர்ல உள்ள போய்ப் பாக்கணும்மா, விடுவீங்களா?” என்று கேட்டான். அவள் எண்ணைச் சொன்னாள். போனுக்கு வந்த கடவுச்சொல்லையும் சொன்னாள். தன் லேப்டாப்பில் போட்டுத் திறந்தான்.

“டூ பாயின்ட் ஒன்” என்றது இங்கிலீஷ் குரல். அவ்வளவுதான்.

வெளியே வந்தான். தன் எண்ணைப் போட்டான். நாலு நாலு ஏழு ஒன்று. ‘வணக்கம் சவுரிமுத்து. ஹீமோகுளோபின், பதினான்கு புள்ளி ஒன்று’ என்றது கணீரென்று. அதே லேப்டாப், அதே பக்கம், அதே ஸ்க்ரீன் ரீடர். அவளுக்கு ஊமை. இவனுக்கு வாய் நிறையத் தமிழ்.

அவன் ப்ரோகிராமைத் திறந்தான். பி.சி.ஏ. படித்தவன். எழுதுகிற வேலை கொடுக்கவில்லையே தவிர, படிக்கத் தெரியும். லாங் என்று தேடியபடி, ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டுக்கொண்டு போனான். செட்டிங்ஸ் ஃபைல் ஒன்றில் நின்றது. சர்வரில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய சின்ன ஃபைல். அந்த இயந்திரக் குரலுக்கு ஈவு இரக்கம் கிடையாது, இருப்பதை அப்படியே வாசித்தது. “லாங் டிஏ ஒன்லி ஃபார். ஃபோர் ஃபோர் செவன் ஒன்.” அடுத்த வரியில் எழுதியவன் தனக்காகக் குறித்து வைத்துக்கொண்ட குறிப்பு. “ஃபார் சவுரி டெஸ்ட். ரிமூவ் லேட்டர்.”

மூன்று தடவை கேட்டான். அந்த எண்ணைத் தவிர வேறு எண் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு அந்தப் பக்கம் தமிழில் பேசும்படி செய்திருந்தது, அந்த ஆள் ‘பாஸ்’ போடுகிற வரைக்கும். கண்ணில்லாதவனை ரோட்டைக் கடக்க வைக்கிறேன் என்று கூட்டிப்போய், பாதியில் கையை விட்டவனைக்கூட மன்னிக்கலாம். ஜேசன் கையை விடவில்லை. நடுரோட்டிலேயே நிறுத்தி, கடந்தாயிற்று என்று சொல்லிவிட்டான்.

ஜேசன் கேன்டீன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பு தூரத்திலேயே கேட்டது. சவுரிமுத்து கோலைத் தட்டிக்கொண்டு நேராக அந்தச் சிரிப்பிடம் போனான்.

“நாலு நாலு ஏழு ஒண்ணு யாரோட நம்பர் ஜேசன்?”

சிரிப்பு நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்து போகும் காலடி கேட்டது.

“மச்சான், உனக்காகத்தாண்டா செஞ்சேன்.”

“எனக்காகவா?”

“பின்ன? எல்லாருக்கும் டிஏ போட்டா தேதிப் பொட்டி படுத்துக்குது. சரி பண்ண ரெண்டு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை லைவ். நீ ஃபெயில் போட்டுக்கிட்டே இருக்க. அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் முடியுது, ஷீலா மேடம் ரினியூ பண்ணுவாங்களா, சொல்லு? அதெல்லாம் நான்தானே யோசிக்கணும்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா.”

“சொன்னா நீ பாஸ் போட்டிருப்பியா?”

போட்டிருக்க மாட்டான். அது ஜேசனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவனை அந்த அளவுக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு சுத்தமாக ஏமாற்ற முடிந்தது. வேறு யாராவது செய்திருந்தால் சவுரிமுத்து தேதிப் பெட்டியையும் ஒரு தடவை தட்டிப் பார்த்திருப்பான், அது திறக்காததிலேயே குட்டு உடைந்திருக்கும். ஜேசன் பார்த்துக்கொண்டேன் என்றான், விட்டுவிட்டான்.

“ஒரு பொம்பளை அவ வயித்துல புள்ளை இருக்கா இல்லையான்னு முற்றத்துல நின்னு கீழ் வீட்டுப் பொண்ணு வாயால கேட்டிருக்கா. என் பேரை நம்பி.”

“ஐயோ, பாவம்டா” என்றான் ஜேசன். உண்மையாகவே வருத்தப்பட்டான், அதுதான் கொடுமை. “அவங்க நம்பர் என்ன? இப்பவே சேர்த்துடறேன். வேற யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாலும் நம்பர் வாங்கிக் குடு. பத்து பேர் இருந்தாலும் பரவால்ல, ஃபைல்ல போட ஒரு நிமிஷம்.”

“பத்து பேருக்குப் பிச்சை போடச் சொல்லி உன்னை யாருடா கேட்டா?” என்றான் சவுரிமுத்து. “ஹெச்டிஎம்எல் டேக்ல ஏன் கை வைக்கற? முடிவு காட்டுற காம்பொனென்ட் நீ எழுதினதுதானே. அதைச் சுத்தியிருக்கற டிவ் டேக்ல லாங் டிஏன்னு போடு. உள்ள இருக்கறது மட்டும் தமிழ்னு எடுத்துக்கும். தேதிப் பொட்டி அதைத் திரும்பிக்கூடப் பாக்காது. ஒரே ஒரு வரி.”

“அட, ஆமால்ல” என்றான் ஜேசன். “தோணலடா. ஆனா இப்ப லைவ் ஆயிடுச்சே. காம்பொனென்ட்டைத் தொட்டா மறுபடி டெஸ்டிங், அப்ரூவல்... விடு, அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம். மூஞ்சிய தூக்கி வச்சுக்காத, டீ சொல்லவா?”

சவுரிமுத்து இருக்கைக்குத் திரும்பி வந்து தான் போட்ட ‘பாஸ்’ஸை ‘ஃபெயில்’ ஆக்கினான். காரணம் எழுதினான். ஒருவருக்கு மட்டும் மாற்றியிருக்கிறது, எல்லாருக்கும் மாற்ற வேண்டும், இந்த காம்பொனென்ட்டில் இந்த வரியில் இந்த அட்ரிபியூட்டைப் போட்டால் போதும் என்று பால் குடிக்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுதினான். அரை மணி நேரத்தில் ஷீலா மேடம் கூப்பிட்டார். அதட்டவில்லை, அதட்டத் தெரியாதவர். “லைவ் போனதுக்கப்புறம் ஃபெயில்னா கிளையன்ட் கிட்ட நான் என்ன சொல்றது சவுரி? ஒரே ஒருத்தர் நம்பர் ஃபைல்ல இருக்கறது தப்புதான், ஆடிட்ல பிடிச்சா மானம் போயிடும். நான் பாத்துக்கறேன்.”

அன்று சாயங்காலம் ஹாரன் அடித்தது. “ஏறு மச்சான்.” சவுரிமுத்து காதில் விழாததுபோல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். பைக் கொஞ்ச தூரம் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு வந்தது. பிறகு போய்விட்டது. இரண்டு பஸ் மாறித் தாம்பரம் வந்து சேர்வதற்குள், தண்ணி லாரி எது, பள்ளம் எது என்று சொல்ல ஆளில்லாமல், நாற்பது முறை யார் மீதாவது இடித்துக்கொண்டான். அழுகை வந்தது. அழுதான், யார் பார்த்தால் என்ன.

மறுநாள் காலை அவன் போட்ட புகார் மூடப்பட்டிருந்தது. ‘டெஸ்டர் கேட்டபடி தனி எண் நீக்கப்பட்டது. மற்றவை அடுத்த ரிலீஸில்.’ கீழே ஜேசன் பெயர். சவுரிமுத்து பக்கத்தைத் திறந்து நாலு நாலு ஏழு ஒன்று போட்டான். “ஃபோர்டீன் பாயின்ட் ஒன்” என்றது இங்கிலீஷ் குரல். மேலும் கீழும் போனான். பக்கத்தின் அடிவரை போனான். அங்கே அவன் பெயர் தமிழில் இருந்தது. குரல் அதையும் தாண்டிக்கொண்டு போயிற்று.

பாரபட்சம் போய்விட்டது. இனி யாருக்கும் பேசாது.

குழுவுக்கு ஒரு குரல் செய்தி போட்டான். மென்று முழுங்காமல் சொன்னான். “நான் சொன்னது தப்பு. அந்தப் பக்கத்தை எனக்கு மட்டும் பேசற மாதிரி வச்சிருந்தாங்க. எனக்கே தெரியாது. தெரியாம உங்க எல்லாருக்கும் சத்தியம் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க. யாரும் யூஸ் பண்ணாதீங்க.” திட்டு விழும் என்று காத்திருந்தான். விழுந்தால் நன்றாக இருக்கும்போலவும் இருந்தது.

முதல் பதில் பல்லாவரத்துப் பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது. “தம்பி, அந்த லிஸ்ட்ல என் நம்பரையும் சேக்கச் சொல்லேன். மாசாமாசம் கிட்னி டெஸ்ட் எடுக்கறேன்.” சவுரிமுத்து போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி வைத்தான். அடுத்த செய்தியில் வெறும் எண். அதற்கடுத்ததும் எண். ‘எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்’ என்று ஒருத்தி இரண்டு எண் அனுப்பியிருந்தாள். மத்தியானத்துக்குள் இருபத்தாறு எண்கள். ஒருவரும் அவனைத் திட்டவில்லை. ஒருவரும் அதை அநியாயம் என்றுகூடச் சொல்லவில்லை. சலுகையாக வருவதைச் சலுகையாகவே வாங்கிப் பழகிய ஜனம்.

இருபத்தேழாவது காந்திமதி. எண்ணை நிறுத்தி நிதானமாக, ஆபரேட்டர் குரலில் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். “அடுத்த மாசம் திரும்பி டெஸ்ட் எடுப்பேன்ண்ணா. அதுக்குள்ள போட்டுடுவாங்களா?”

அதைக் கேட்டபின் அவனுக்குத் தன் ரோஷம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எழுந்து நாலு மேசை தள்ளிப் போனான். ஜேசன் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. அந்த வேகம் அவனுக்கு மட்டும்தான்.

“ஜேசன், ஒரு நம்பர் சொல்றேன். ஃபைல்ல போடு. ஒண்ணே ஒண்ணு.”

தட்டல் நின்றது. ஜேசன் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை, பாட்டுக் குழுவில் பக்கத்தில் நின்று பேசுகிற அதே குரல்.

“ஃபைலையே எடுத்தாச்சே மச்சான். நீதானே எடுக்கச் சொன்ன?”